மாமி வீட்டுச் சரஸ்வதிக்கு எத்தனை வயது?

முள்ளியவளையில் மாமி வீட்டுச் சாமியறையில் ஒரு பழைய சரஸ்வதி படம். மூலையில் கையெழுத்து ஒன்றும் இல்லை. "உன்ர பூட்டன் காலத்துப் படம் தம்பி, இருநூறு வருசம்" என்பார் மாமி. 2009 போரில் அந்த வீட்டில் கூரையே மிஞ்சவில்லை. படம் தொண்ணூறுகளிலேயே வவுனியாவில் சித்தி வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பி, பிறகு மாமியிடமே திரும்பி வந்தது. இந்தமுறை லீவில் போனபோது, சரி, இதற்கு ஒரு முடிவு காண்போம் என்று படத்தைச் சாரத்தில் சுற்றிக்கொண்டு மாங்குளம் வழியாக வவுனியாவுக்கு பஸ் ஏறினேன்.

முதலில் படத்துக்கு பிரேம் போடும் கடை. அங்கிருந்த பெடியன் ஈரத்துணியோடு சரஸ்வதியின் முகத்தைத் துடைக்க வந்தான். கையைப் பிடித்துவிட்டேன். "அண்ணை, மங்கின இடத்துக்கு பெயின்ட் அடிச்சுத் தாறம், புதுசு மாதிரி இருக்கும்" என்றான். வெடிப்புக்குள் ஈரம் இறங்கினால் வர்ணம் செதில் செதிலாய் உரியும். மேலே புது பெயின்ட் வேறு ஏறினால் இருக்கிற மதிப்பும் போய்விடும். வேகமாக வெளியே வந்தேன்.

அடுத்தவர் பழைய சாமான் வியாபாரி. இருநூறு வருசம்தான் என்று அவரும் அடித்துச் சொன்னார். எட்டாயிரம் ரூபாய் தருவாராம். இவ்வளவு பழசுக்கு எட்டாயிரமா என்று கேட்டேன், பிளேன்டீ வரவழைத்தார்.

உருப்படியான உதவி கிடைத்தது ஒரு சின்ன நகைக்கடையில். கல் பார்க்கும் லென்ஸைத் தந்தார் கடைக்கார ஐயா. ஓவியர் ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்துப் படங்கள் எண்ணெய் ஓவியம் போலவே இருக்கும். லென்ஸில் பார்த்தால்தான் பொடிப்பொடிப் புள்ளிகள் தெரியும். இதில் புள்ளி இல்லை. தூரிகை மயிர் இழுத்த கோடுகள், வீணைத் தந்தியில் தடித்து நின்ற மஞ்சள். கையால் வரைந்ததுதான். ஆனால் பாறை, மயில், உட்கார்ந்திருக்கும் விதம் எல்லாம் ரவி வர்மாவின் சரஸ்வதியேதான். அச்சுப்படத்தைப் பார்த்து யாரோ வரைந்திருக்கிறார்.

பிறகு படத்தைத் திருப்பி, பின்பக்கத்துப் பழுப்புத் தாளைக் கொஞ்சம் விலக்கினோம். வலை அச்சு விழுந்த பலகை. "உது ஹார்ட்போட்டெல்லோ தம்பி, என்ர வீட்டு சீலிங்கும் உதுதான்" என்று ஐயா சிரித்தார். ஹார்ட்போட் 1920களில் அமெரிக்காவில் பிறந்த பொருள். இருநூறு வருசத்துக்கு வாய்ப்பே இல்லை, அப்பப்பா வாங்கியிருக்கலாம். பெயர் தெரியாத கை வரைந்த நகலுக்குச் சந்தையில் பெரிய விலை வராது. எட்டாயிரம் நியாயமான விலையாகக்கூட இருக்கலாம், வியாபாரி சொன்ன வயதுதான் பொய். ஐயா காசு வாங்கவில்லை.

மாமியிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப வாணி விழாவுக்கு வைக்கேலாதோ?" என்றார்.

திரும்ப ஆணியில் மாட்டினேன். அந்தச் சுவரில் கறையான் ஏறும். பின்னால் இரண்டு மரத்துண்டு வைத்து, காற்றுப் போக இடம் விட்டிருக்கிறேன்.