கிளிநொச்சியில சின்ன ஆய்வுக் கூட்டம் வைக்க ஏ9 ரோட்டோர மண்டபம் ஒண்டு, என்ர மார்க் 5க்கு 3

பேர் போடேல்ல, குறையும் சொல்லப்போறன். சைக்கிள் ஆராய்ச்சி பற்றி ஒருநாள் கூட்டம், முப்பது பேர் அளவு, அறிவியல் நகர் எஞ்சினியரிங் பீடத்துப் பிள்ளையள், வவுனியா கம்பஸ் ஆக்கள், கொழும்பில இருந்து வீதிப் பாதுகாப்பு ஆராய்ச்சி செய்யிற கொஞ்சப்பேர். 1980 இல ஜெர்மனி பிரேமன்ல துவங்கின வெலோ சிற்றி எண்ட சர்வதேச சைக்கிள் மாநாடு மாதிரிப் பெரிசு இல்லை, சுத்தி இருந்து கதைக்கிறதுதான். கல்யாணத்துக்கு இடம் பாக்கிற ஆக்கள் என்ர மார்க்கைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ, அதுக்கு அது திறம்.

கீழ் மண்டபம் எங்களுக்குச் சரிவராது. மைக் போட்டா எதிரொலி, நிப்பாட்டினா கடைசி வரிசைக்குக் கேக்காது, யன்னல் சீலை மெல்லிசு எண்டபடியா பத்துமணி வெயிலுக்கு புரொஜெக்டரில கிராஃப் ஒண்டும் தெரியேல்ல. மேல மாப்பிள்ளை பகுதி உடுப்பு மாத்துற ரூம் ஒண்டு இருக்கு, ஏசியோட, நீட்டு மேசையளைச் சேத்துப் போட்டா முப்பது பேர் வடிவா இருக்கலாம். தாங்களாச் சொல்லமாட்டினம், கேட்டு வாங்கோணும். அங்க மாறின பிறகுதான் ஆக்கள் வாய் திறந்தவை, யுத்த நேரப் பொருளாதாரத் தடைக்காலத்தில சைக்கிளைக் கவிட்டு வைச்சு பெடலைச் சுத்தி டைனமோவில ரேடியோ கேட்டதை ஒரு ஐயா சொல்ல, 2022 பெற்றோல் கியூ நேரம் சைக்கிள் எடுத்த சனம் இப்ப எத்தினை பேர் ஓடுதுகள் எண்டு பெடியள் கேக்க, ரீ ரைம் தாண்டியும் ஒருத்தரும் எழும்பேல்ல.

எனக்கு விசர் வந்தது பார்க்கிங்கில. தகரக் கொட்டில் நிழல் காருக்காம், சைக்கிளெல்லாம் மதிலோட வெயிலுக்க. சீற்றில கை வைக்கேலாது. என்ன கூட்டமெண்டு புக் பண்ணேக்கையே சொன்னது! சத்தம் போட்ட பிறகு வாச்சர் அண்ணை தன்ர கதிரையையும் தூக்கிக்கொண்டு வந்து இடம் ஒதுக்கித் தந்தார், பாவம் அவரில பிழையில்லை.

சாப்பாடு நல்லம், குளத்து மீன் குழம்பும் முருங்கைக்காய்ப் பால்கறியும் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினவை. ரீ பச்சைத்தண்ணி. கறண்ட் நிண்டோடன ஜெனரேற்றர் போட்டவை, சந்தோசம், ஆனா அதுக்குத் தனிக்காசு எண்டது பில்லில கண்டுதான் தெரியும், அதை முதலே பேசுங்கோ.

பின்னேரம் இரணைமடுக் குளத்துப் பக்கம் ஓடிப்போறதுக்கு வாடகைச் சைக்கிள் எடுத்துத் தாறம் எண்டவை, கடைசியில கையை விரிச்சிட்டினம். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர்தான் தன்ர கடையில நிண்டதுகளுக்குக் காத்தடிச்சு பிரேக் கட்டையும் மாத்தித் தந்தவர். அவருக்கு 5க்கு 5.

அடுத்த கூட்டத்துக்கும் அங்கதான் கேட்டிருக்கிறம், மேல் ரூம் மட்டும்.