இமேஜா, ஃபைலா: ஒரு ரசீது சொன்ன கதை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உணவுக்கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் ஒன்றை நானும் நண்பனும் எழுதினோம். அவன் ஃபாரோ என்ற நிரல்மொழியில் எழுதினான், நான் பைத்தான் என்ற நிரல்மொழியில். வேலை என்னவோ ஒன்றுதான். 6% சேவை வரி சேர்த்து, மொத்தத்தை அருகிலுள்ள ஐந்து சென்னுக்கு ரவுண்ட் பண்ண வேண்டும்.

ஃபாரோ என்பது ஸ்மால்டாக் என்ற பழைய நிரல்மொழி வழி வந்தது. 2008இல் ஸ்க்வீக் என்ற இன்னொரு ஸ்மால்டாக் வகையிலிருந்து பிரிந்தது. அதில் நிரல், ஓட்டத்தில் நினைவில் இருக்கும் ஆப்ஜெக்ட்கள் (நிரல் கையாளும் தரவுகள்), திறந்து கிடக்கும் ஜன்னல்கள் எல்லாமே இமேஜ் என்ற ஒற்றைக் கோப்புக்குள் உறைந்திருக்கும். இமேஜைச் சேமித்திருந்தால், நேற்று பாதியில் விட்ட டீபக்கர் (பிழை தேடும் கருவி) இன்று அதே வரியில் நிற்கும். பைத்தானிலோ நிரல் என்றால் வெறும் எழுத்துக் கோப்புதான். ஓட்டம் நின்றால் நினைவில் இருந்ததெல்லாம் போச்சு.

20 வெள்ளி 50 சென் சாப்பாட்டுக்கு வரியோடு 21.73. ரசீதில் 21.75 வர வேண்டும், 21.70 வந்தது. இருவருக்கும் இதே பிழை. ஐந்தால் வகுத்து, மீதியை வெட்டிவிட்டோம். நான் சர்வரை நிறுத்தி, நிரல் வரியைத் திருத்தி, மறுபடி ஓட்டி, லாகின் செய்து, மேசை எண் போட்டு, ரொட்டி சானாயிலிருந்து தே தாரிக் வரை திரும்பத் தட்டினேன். அவன் அந்தக் கணக்கைப் போடும் மெத்தடில் (நிரலின் ஒரு சிறு பகுதி) ஒரு நிறுத்தம் வைத்தான். டீபக்கர் திறந்தது. அதற்குள்ளேயே திருத்திச் சேமித்தான். மெத்தட் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கியது, தொடரச் சொன்னான். அதே பில், அதே மேசை, 21.75. பார்க்கும்போது பொறாமையாகத்தான் இருந்தது.

கரண்ட் போனாலும் அவனுக்குப் பெரிய பயமில்லை. சேமித்த ஒவ்வொரு மெத்தடும் இமேஜுக்குப் பக்கத்தில் இருக்கும் சேஞ்சஸ் என்ற தனிக் கோப்பில் பதிவாகிவிடும், மீட்டுக்கொள்ளலாம்.

சரி, கடைக்காரரின் கணினியில் புது இமேஜ் போட்டு அவன் நிரலை ஏற்றிய நாள்தான் கூத்து. முதல் பில்லிலேயே நின்றது. வரி விகிதம் இருக்க வேண்டிய கிளாஸ் மாறியில் (மதிப்பை வைத்திருக்கும் பெயரில்) ஒன்றுமே இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் பிளேகிரவுண்டில் (நிரல் துண்டைத் தட்டி உடனே ஓட்டிப் பார்க்கும் ஜன்னல்) ஒரு நிரல் வரி தட்டி அந்த 6ஐ வைத்திருக்கிறான். மாறி நிரலில் இருந்தது, மதிப்பு அவன் இமேஜில் மட்டும்தான். "என்னோட மெஷின்ல ஓடுது மச்சான்" என்றான். ஓடத்தானே செய்யும்!

ஃபைல் வழியில் இந்த மாதிரி ஒளிவு மறைவுக்கு இடம் குறைவு. நான் எதை மாற்றினேன் என்று, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவி வரிவரியாகக் காட்டும். எந்த எடிட்டரிலும் திறக்கலாம், தேடலாம். இன்று ஃபாரோவிலும் கிட்டோடு இணைக்கும் ஐஸ்பெர்க் என்ற கருவி இருக்கிறது. கிளாஸுக்கு ஒரு கோப்பு என்று எழுதி கிட்டுக்குள் தள்ளிவிடும். ஆனால் அதில் போவது நிரல் மட்டும், ஆப்ஜெக்ட்களின் நிலை போகாது. அந்த 6 தொலைந்ததும் அப்படித்தான்.

தனியாளாக எழுதுபவர் என்றால், பிழை தேடும் சுகத்துக்காகவே இமேஜைத்தான் சொல்வேன். இரண்டாவது ஆள் வந்துவிட்டால் ஃபைல்தான் மூலப்பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்பனிடம் சொன்னேன்: திங்கள்தோறும் பழைய இமேஜைத் தூக்கிப் போடு, புதிதில் கிட்டிலிருந்து ஏற்று, டெஸ்ட் ஓட்டு. தலையாட்டினான், செய்தும் வருகிறான். பழையதை மட்டும் அழிக்க மனமில்லை. 'ஃபைனல் ஓகே 3' என்ற பெயரில் அது டெஸ்க்டாப்பில் இன்னும் கிடக்கிறது.