அரை வசனத்தை வெட்டி டிக்கட் விற்கிறார்கள்: கொழும்பு ஆட்கள் கவனம்

தியேட்டர் வாசலில் எடுத்த 'ரசிகர் கருத்து' வீடியோவைப் பார்த்துவிட்டு டிக்கட் போடாதீர்கள். இப்போது சுற்றிக்கொண்டிருக்கிற அப்படியொரு வீடியோவில் நானும் இருக்கிறேன். கையை ஆட்டி ஆட்டிப் படத்தைப் புகழ்கிறேன். நான் புகழவே இல்லை. எப்படி இது நடந்தது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், வாசித்துவிட்டுப் பகிர முடிந்தால் பகிருங்கள்.

படத்தின் பெயரையும் தியேட்டரின் பெயரையும் வேண்டுமென்றே விடுகிறேன், முறைப்பாடு ஒன்று போயிருக்கிறது. குறைந்த செலவில் எடுத்த ஒரு க்ரைம் அக்‌ஷன் படம். இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு வில்லன் நடிகரின் முகம் கறுப்புக் கண்ணாடியோடு போஸ்டரின் முக்கால்வாசியைப் பிடித்திருந்தது. கீழே "புத்தம் புதிய தமிழ்த் திரைப்படம்" என்று கொட்டை எழுத்து. வெள்ளிக்கிழமை பின்னேரமே டிக்டொக்கிலும் பேஸ்புக்கிலும் கருத்துத் துண்டுகள் வரத் தொடங்கிவிட்டன. "வேற லெவல் ப்ரோ." "சண்டைக்காகவே ரெண்டு தரம் பாக்கலாம்." "பெமிலியோட வாங்க, நம்பி வாங்க." பெரிய நடிகர் இல்லாத படத்துக்கு இத்தனை பேர் வாய் திறக்கிறார்கள் என்றால் ஏதோ விஷயம் இருக்கும் என்றார் அண்ணா. அண்ணா, மச்சாள், மருமகன், நான் என்று நான்கு பேர் போனோம். டிக்கட் ஒன்று 1,200 ரூபா, ஒன்லைனில் போட்டதற்குத் தனியாகக் கட்டணம். அதோடு வெள்ளவத்தையிலிருந்து போய்வர ஓட்டோ, இடைவேளையில் பொப்கோர்ன். இன்றைய விலைவாசியில் ஒரு குடும்பம் படம் பார்ப்பது என்பது யோசித்துச் செய்கிற செலவு, அதைக் கொழும்பில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

படத்தைப் பற்றி நியாயமாகச் சொல்லவேண்டும். முதல் சண்டை ஒரு மீன் சந்தைக்குள் நடக்கிறது. கயிறு கட்டிப் பறக்கவிடவில்லை. தரை ஈரம், கதாநாயகன் உண்மையிலேயே சறுக்கி விழுகிறான், ஐஸ் பெட்டியின் மூடியைக் கழற்றி அதாலேயே அடிக்கிறான். அடி வாங்கினவனுக்கு மூச்சு வாங்குவது தெரிகிறது. பின் வரிசைப் பெடியள் விசில் அடித்தார்கள், எனக்கும் பிடித்தது. காசு இல்லாமல் படம் எடுக்கிறவர்கள் இப்படி ஒரு சண்டையை யோசித்துச் செய்தால் அதுவே போதும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் வாய் ஒரு பக்கமும் பேச்சு இன்னொரு பக்கமுமாகப் போகத் தொடங்கியது. கதாநாயகன் பெரிய வசனம் ஒன்று பேசி வாயை மூடிவிட்டான், குரல் மட்டும் இன்னும் ஓடுகிறது. கதை நடப்பது வடசென்னை என்கிறார்கள், ஆனால் கடைப் பலகைகள் எல்லாவற்றையும் மங்கலாக்கி மறைத்திருந்தார்கள். மறைக்க மறந்தது பொலிஸ் ஜீப்பின் நம்பர் பிளேட்டை. ஏபி என்று தொடங்குகிறது. தமிழ்நாட்டு வாகனம் டிஎன் என்றுதான் தொடங்கும், ஏபி என்றால் ஆந்திரா. வடசென்னைப் பொலிஸ் ஆந்திர ஜீப்பில் ரோந்து போகிறது! தெலுங்குப் படத்தை டப் செய்து, டப்பிங் என்று ஒரு இடத்திலும் சொல்லாமல் விற்றிருக்கிறார்கள்.

டப்பிங் என்று சொல்லியே ஓட்டினால் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நல்ல டப்பிங் படங்கள் எவ்வளவோ பார்த்திருக்கிறோம். இரண்டாவது விஷயம்தான் மோசம், அதைக் கண்டுபிடித்தது மருமகன். கடத்தல் காசு கைமாறுகிற காட்சியில் சூட்கேஸைத் திறந்து கமராவுக்குக் கிட்டக் காட்டுகிறார்கள், கட்டுக்கட்டாக இந்திய 1,000 ரூபா நோட்டுகள். "மாமி, இந்த நோட்டு இப்ப இல்லையே" என்றான். இல்லைதான். பழைய 500, 1,000 ரூபா நோட்டுகள் செல்லாது என்று 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு இந்தியாவில் அறிவித்தார்கள், 1,000 ரூபா நோட்டு அதற்குப் பிறகு திரும்பி வரவே இல்லை. பழைய காலத்தில் நடக்கிற கதை என்று படத்தில் எங்கேயும் சொல்லவும் இல்லை. போஸ்டரில் 'புத்தம் புதிய' என்று போட்ட படம் எத்தனை வருடம் பெட்டிக்குள் கிடந்ததென்று அந்த சூட்கேஸே சொல்லிவிட்டது. அந்த வில்லன் நடிகர்? தாடி இல்லாமல், மெலிந்த உடம்போடு, நாலாவது அடியாளாக வருகிறார். குரலும் அவருடையது இல்லை. மொத்தமாகப் பத்து நிமிடம் வந்திருந்தால் அதிகம், இடைவேளைக்கு முன்னமே செத்துப்போகிறார்.

மிச்சப் படத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. கடத்தல், பேரம், சித்திரவதை, கடைசிச் சண்டை எல்லாம் ஒரே கோடவுனுக்குள். லைட்டின் நிறத்தை மாற்றி வேறு இடம் என்று காட்டுகிறார்கள், மூலையில் இருக்கிற நீல ட்ரம் மட்டும் மாறாமல் நிற்கிறது. "அந்தப் பிள்ளைக்கு ஒரு பேராவது வச்சாங்களா?" என்று மச்சாள் கதாநாயகியைப் பற்றிக் கேட்டார், எனக்கும் ஞாபகம் இல்லை. அண்ணா மட்டும் "சண்டைக்குக் குடுத்த காசெண்டு நினையுங்கோ" என்று எங்களைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். முன் வரிசையில் ஒரு சோடி இடைவேளையில் போனவர்கள் திரும்பி வரவில்லை. பக்கத்தில் இருந்த பெடியனுக்குப் படம் உண்மையாகவே பிடித்திருந்தது, ஒவ்வொரு சண்டைக்கும் கை தட்டினான். அவனுடைய ரசனையில் எனக்குக் குறை இல்லை. ஒரே படத்துக்கு ஆளுக்கொரு கருத்து இருக்கத்தான் செய்யும். அந்தக் கலவையை அப்படியே காட்டியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை.

வெளியே வரும்போது படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெடியன் மைக்கோடு நின்றான், இன்னொருவன் போனைப் பிடித்துக்கொண்டு. மைக் வைத்திருந்தவன் சென்னைத் தமிழில்தான் தொடங்கினான், "அக்கா, படம் எப்டி இருந்திச்சு, ரெண்டு வார்த்தை சொல்லுங்க". (கொட்டாஞ்சேனைப் பெடியன் என்று பிறகு தெரிந்தது. மைக்கைப் பிடித்தால் நம்முடைய ஆட்களுக்கு ஏன் சென்னைக்காரரின் நாக்கு வந்துவிடுகிறதோ!) நான் சொன்னது இதுதான்: "முதல் சண்டை, அந்த மீன் சந்தைச் சண்டை, சூப்பரா எடுத்திருக்கிறாங்கள். ஆனா இது புதுப் படமும் இல்ல, தமிழ்ப் படமும் இல்ல. பழைய தெலுங்குப் படத்த டப் பண்ணிப் போட்டு ஆக்கள ஏமாத்துறாங்கள். காசக் குடுத்து வராதீங்கோ." அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். "சூப்பர் அக்கா, தேங்க்ஸ்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ வந்தது. "கொழும்பு ரசிகர்கள் கொண்டாட்டம்" என்று தலைப்பு, நெருப்புப் படம், பின்னணியில் டமார் டமார் என்று இசை. நான் வருகிறேன். "சண்டை சூப்பரா எடுத்திருக்கிறாங்கள்." அடுத்த ஆள். 'முதல்' என்பதும் இல்லை, 'மீன் சந்தை'யும் இல்லை, 'ஆனா'விலிருந்து பின்னால் ஒன்றும் இல்லை. 'ஆனா' சொல்லத்தான் கையைத் தூக்கினேன், தூக்கின கையோடு வெட்டியிருக்கிறார்கள், பார்த்தால் நான் ஆனந்தத்தில் கை தூக்கின மாதிரி இருக்கிறது. என்னோடு வேலை செய்கிற அக்கா ஒருவர் திங்கட்கிழமை ஒபிஸுக்கு வந்ததும் கேட்டார், "உங்களப் பாத்திட்டுத்தான் நாங்கள் நேற்றுப் பிள்ளையளோட போனனாங்கள். ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" அவருக்கு விளக்கம் சொல்லி முடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. என் காசு போனதைவிட எனக்கு இதுதான் கொதிப்பு. என்னை ஏமாற்றினார்கள், பிறகு என் முகத்தையே காட்டி மற்ற ஆட்களையும் ஏமாற்றினார்கள்.

வீடியோவின் கீழே "நான் முழுதாகச் சொன்னது இது" என்று எழுதினேன். அழித்தார்கள். திரும்ப எழுதினேன், கருத்து எழுத முடியாமல் என்னை ப்ளொக் பண்ணிவிட்டார்கள். தியேட்டருக்கு போன் எடுத்தேன். "மிஸ், நாங்கள் திரைய மட்டும்தான் குடுக்கிறம், விளம்பரமெல்லாம் விநியோகஸ்தர்ட வேல" என்றார் ஒருவர். விநியோகஸ்தரின் நம்பர் கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது. மைக்கும் போனுமாக அவர்கள் நின்றது தியேட்டரின் சொந்தப் படிக்கட்டில், தியேட்டரின் விளம்பரப் பலகையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற தெரிந்த தம்பி ஒருவரிடம் காட்டினேன். சிரித்தார். படம் வெளியாக முன்னமே இந்த வேலை பேசப்பட்டுவிடுமாம். சொந்த ஆட்கள் சிலருக்கு இலவச டிக்கட்டும் சாப்பாடும் கொடுத்து அவர்களுடைய கருத்தை முதலில் எடுத்துவிடுவார்கள், சில நேரம் படம் தொடங்க முன்னமே. நம்மைப் போன்றவர்களை நடுவில் சேர்ப்பது உண்மை ஆட்களும் இருக்கிறார்கள் என்று காட்டத்தானாம். அவர் சொன்னதும் என் வீடியோவைப் போட்ட கணக்கில் இருந்த பழைய வீடியோக்களை இறக்கிப் பார்த்தேன். கட்டம் போட்ட சேர்ட் போட்ட ஒரே ஆள் மூன்று வேறு படங்களுக்கு "இந்த வருஷத்தின்ட பெஸ்ட்" என்று சொல்கிறார், மூன்று தடவையும் அதே சேர்ட்.

ஒருதரம் தெரிந்துவிட்டால் பிறகு கண்ணில் குத்தும். உண்மையாகப் படம் பார்த்து வந்தவர் ஏதாவது ஒரு காட்சியைச் சொல்வார், ஒரு பாத்திரத்தின் பெயரைச் சொல்வார், குறைந்தபட்சம் கதிரை சரியில்லை என்றாவது முணுமுணுப்பார். கூலிக்குப் பேசுகிறவர் 'மாஸ்', 'தெறி', 'பெமிலியோட வாங்க' என்பதற்கு மேல் போகமாட்டார், கமராவை நேரே பார்த்து நம்மைக் கூப்பிடுவார். பேச்சு முடிகிற இடத்தையும் கவனியுங்கள். வாய் இன்னும் திறந்திருக்க, கை அந்தரத்தில் நிற்க வெட்டு விழுந்தால், வெட்டினதற்குப் பின்னால்தான் விஷயம் இருக்கிறது. முதல் காட்சி இரவு ஒன்பது மணிக்கு முடிந்திருக்கும், கருத்துச் சொல்கிறவரின் பின்னால் வெயில் அடிக்கும், அதையும் பாருங்கள்.

படங்களுக்கு ஆட்கள் மார்க் போடுகிற ஐஎம்டிபி தளத்தின் மார்க்கைப் பார்த்துவிட்டுப் போவேன் என்பவர்களுக்கும் ஒன்று. மேலே தெரிகிற ஒற்றை இலக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். அதைத் தட்டினால் 10 முதல் 1 வரை எந்த மார்க்கை எத்தனை பேர் போட்டார்கள் என்று பட்டைகளாகக் காட்டும். சாதாரணமாகப் பார்த்து மார்க் போடப்படுகிற படத்துக்கு 6, 7, 8 பக்கம் கூட்டம் இருக்கும். இந்தப் படத்துக்கு 10இல் ஒரு தூண், 1இல் ஒரு தூண், நடுவில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. 10 போட்டு நீளமாக எழுதினவர்களின் பெயரைத் தட்டிப் பார்த்தால் பலர் வாழ்க்கையில் எழுதினதே அந்த ஒரு விமர்சனம்தான். இன்னொரு உபாயம்: போஸ்டரில் இருக்கிற நடிகரின் பெயரைத் தட்டி அவருடைய பழைய படப் பட்டியலைப் பாருங்கள். டப்பிங் படம் என்றால் அசல் பெயரிலும் அசல் வருடத்திலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். மருமகன் வீட்டுக்கு வந்து அப்படித்தான் இந்தப் படத்தின் தெலுங்குப் பெயரைப் பிடித்தான்.

எனக்குச் சிரிப்பு வருகிற விஷயம் ஒன்று இருக்கிறது. 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்கள் ரசிகர் கருத்து எடுக்க இடம் கொடுக்க வேண்டாம் என்று தமிழ்நாட்டுத் தியேட்டர்காரர்களைக் கேட்டது. அடுத்த மாதமே, படம் வந்து முதல் மூன்று நாளைக்கு விமர்சனம் கூடாது என்று கேட்டுத் தயாரிப்பாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனது, உடனடித் தடை எதுவும் கிடைக்கவில்லை. அவர்களுடைய கவலை முழுக்க முதல் நாள் கெட்ட வார்த்தை படத்தைக் கொன்றுவிடும் என்பதில். காசு கொடுத்து வாங்கின நல்ல வார்த்தை நம்மைக் கொல்வதைப் பற்றி ஒரு சத்தமும் இல்லை. அதில் அதிகம் அடிபடுவதும் நேர்மையாகச் சின்னப் படம் எடுக்கிறவர்தான். நட்சத்திரம் இல்லாத படத்துக்கு வாய்வழியாகப் பரவுகிற பெயர் ஒன்றுதான் பிழைக்க வழி, ஒருதரம் சூடுபட்ட என் மச்சாள் இனி எந்தச் சின்னப் படத்துக்கும் 1,200 ரூபா கொடுக்கப்போவதில்லை.

இந்தப் படத்துக்குப் போய் ஏமாந்தவர்கள் டிக்கட்டைத் தூக்கி எறியாதீர்கள், ஒன்லைனில் போட்டிருந்தால் வந்த மெசேஜை அழிக்காதீர்கள். போஸ்டரில் 'புத்தம் புதிய தமிழ்த் திரைப்படம்' என்ற வரி தெரிகிற மாதிரி ஒரு ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள், கருத்து வீடியோவையும் இறக்கி வையுங்கள், கேள்வி வந்தால் முதலில் அழிப்பது அதைத்தான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, வியாபாரம் செய்கிறவர் பாவனையாளரை ஏமாற்றுகிற அல்லது தவறாக வழிநடத்துகிற விதத்தில் நடக்கக்கூடாது என்கிறது. அதிகாரசபையின் துரித இலக்கம் 1977. நான் எழுத்திலும் அனுப்பியிருக்கிறேன், டிக்கட், போஸ்டர், வெட்டின வீடியோ மூன்றையும் சேர்த்து. வாசலில் அண்ணா தன் போனில் எடுத்த வீடியோவில் நான் 'ஆனா'வுக்குப் பிறகு சொன்னதும் தெளிவாகக் கேட்கிறது, அதுவும் போயிருக்கிறது. அந்தப் படிக்கட்டில் உங்களிடமும் மைக் நீட்டியிருந்தால், நீங்கள் சொன்னது ஒன்று வந்தது இன்னொன்று என்றால், உள்பெட்டியில் எழுதுங்கள். ஒரு ஆளின் முறைப்பாட்டைவிடப் பத்து ஆட்களின் முறைப்பாட்டுக்கு நிறை கூட.