போஸ்ட்கிரெஸ்க்கு மெமரி செட் பண்ணி மூணு வருஷம் ஆச்சு: அள்ளிக் கொடுத்தப்போ விழுந்துச்சு, குறைச்சப்போ நின்னுச்சு

ஒரே சர்வர், 64 ஜிபி ரேம், 16 கோர், எஸ்எஸ்டி டிஸ்க், டெபியன் லினக்ஸ், மேல போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சாஃப்ட்வேர். டேட்டாபேஸ் இப்போ கிட்டத்தட்ட 180 ஜிபி. பகல் முழுக்க சின்ன சின்ன என்ட்ரி, மாசக் கடைசியில பெரிய ரிப்போர்ட். வேற எந்த வேலையும் அந்த மெஷின்ல கிடையாது. மூணு வருஷமா இதோட மெமரி செட்டிங்கை நான்தான் மாத்திக்கிட்டு இருக்கேன், எதை மாத்தினப்போ என்ன ஆச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், அதுல இருந்துதான் இதை எழுதறேன்.

ஆரம்பத்துல 14வது வெர்ஷனை இன்ஸ்டால் பண்ணி அப்படியே ஓட விட்டாச்சு. ஷேர்ட் பஃபர்ஸ், அதாவது டேட்டாவை வெச்சுக்க போஸ்ட்கிரெஸ் தனக்குன்னு எடுத்துக்கற மெமரி, டிஃபால்ட் 128 எம்பி. 64 ஜிபி இருக்கற மெஷின்ல வெறும் 128 எம்பியான்னு பதறத் தோணும், ஆனா உண்மையைச் சொன்னா ஆறு மாசம் யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணல. ஏன்னா போஸ்ட்கிரெஸ் டிஸ்க்கை படிக்கறது லினக்ஸோட பேஜ் கேஷ் (டிஸ்க்ல படிச்சதை ரேம்ல வெச்சுக்கற இடம்) வழியாத்தான், அதனால மிச்சம் இருந்த ரேம் எல்லாத்தையும் லினக்ஸோட மையப் பகுதியான கர்னலே எடுத்து டேட்டாவை கேஷ் பண்ணி வெச்சிருந்துச்சு. இது அப்போ எனக்குப் புரியல. புரிஞ்சிருந்தா அடுத்து பண்ண தப்பை பண்ணியிருக்க மாட்டேன்.

அதுக்கு முன்னாடி நான் மைஎஸ்க்யூஎல் பக்கம் இருந்தவன். அங்க இதே வேலை பண்ற இன்னோடிபி பஃபர் பூலுக்கு மெஷின் ரேம்ல 80 சதவீதம் வரைக்கும் கொடுக்கறது சகஜம். அந்தப் பழக்கத்துல இங்கயும் ஷேர்ட் பஃபர்ஸை 40 ஜிபின்னு போட்டேன். போஸ்ட்கிரெஸ் மேனுவல்லயே 25 சதவீதத்துல ஆரம்பி, 40 சதவீதத்துக்கு மேல போனா பெருசா பிரயோஜனம் இருக்காதுன்னு எழுதியிருக்கு, நான் அதை லேட்டாத்தான் படிச்சேன். என்ன ஆச்சுன்னா ஒரே டேட்டா பக்கம் (பேஜ்) போஸ்ட்கிரெஸ் பஃபர்லயும் இருக்கு, கர்னல் கேஷ்லயும் இருக்கு, ரெண்டு இடத்துல இடம் அடைக்குது. இன்னொரு விஷயம் இதைவிட சுவாரஸ்யமானது. ஒரு டேபிள் ஷேர்ட் பஃபர்ஸ்ல கால்வாசிக்கு மேல பெருசா இருந்தா, அதை முழுசா ஸ்கேன் பண்ணும்போது போஸ்ட்கிரெஸ் 256 கேபி அளவு சின்ன வளையத்தை மட்டும்தான் திருப்பித் திருப்பி யூஸ் பண்ணும், அதனால மத்த டேட்டா வெளிய தள்ளப்படாது. எங்க ரிப்போர்ட் ஸ்கேன் பண்ற டேபிள் 7 ஜிபி. ஷேர்ட் பஃபர்ஸ் 16 ஜிபின்னா கால்வாசி 4 ஜிபி, அதனால அந்தப் பாதுகாப்பு வேலை செய்யும். 40 ஜிபின்னா கால்வாசி 10 ஜிபி, அப்போ அந்த 7 ஜிபி மொத்தமும் பஃபருக்குள்ள வந்து உக்காந்துக்கும், பகல்ல ஓடற சின்ன குவெரிக்கு வேண்டியதெல்லாம் மெல்ல வெளிய போகும். நான் பெருசாக்கினதுனாலதான் பகல் வேலை இழுத்துச்சுன்னு கண்டுபிடிக்க ரெண்டு வாரம் ஆச்சு. 16 ஜிபிக்கு இறக்கினேன், சரியாச்சு. இன்னைக்கு வரைக்கும் அதைச் சுத்தியேதான் இருக்கு.

இப்போ வொர்க் மெம், அதாவது டேட்டாவை வரிசைப்படுத்தறது (சார்ட்), ஹாஷ் போட்டு சேர்க்கறது மாதிரி வேலைக்கு கொடுக்கற மெமரி. இதைப் பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்லணும், ஏன்னா எங்க சர்வர் விழுந்தது இதனாலதான். டிஃபால்ட் 4 எம்பி. ரிப்போர்ட் மெதுவா இருக்கு, குவெரி எப்படி ஓடுதுன்னு காட்டற எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போட்டுப் பார்த்தா சார்ட் எல்லாம் எக்ஸ்டர்னல் மெர்ஜ்னு டிஸ்க்குக்கு போகுது. சரி மெமரி இருக்கேன்னு 512 எம்பி போட்டேன், ரீலோட் பண்ணா போதும், ரீஸ்டார்ட்கூட வேண்டாம். ரிப்போர்ட் பறந்துச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். மூணாவது வாரம் மாசக் கடைசி வந்துச்சு, ஒரே நேரத்துல 20 பேர் அதே ரிப்போர்ட்டை ஓட்டினாங்க, மொத்த டேட்டாபேஸும் விழுந்துச்சு.

கணக்கை அப்புறமா உக்காந்து போட்டேன். வொர்க் மெம்ங்கறது ஒரு கனெக்‌ஷனுக்கு லிமிட் இல்ல, ஒரு குவெரிக்கும் லிமிட் இல்ல. குவெரிக்குள்ள நடக்கற ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஒவ்வொரு ஹாஷுக்கும் தனித்தனியா அவ்வளவு. எங்க ரிப்போர்ட்ல அப்படி மூணு ஸ்டெப் இருந்துச்சு, அதாவது ஒரு பிராசஸ் ஒன்றரை ஜிபி வரைக்கும் எடுக்கலாம். 20 பேரோட பிராசஸ் 20. அதுக்கு மேல, ஒரு குவெரியைப் பங்கு போட்டு ஓட்டற பேரலல் வொர்க்கர் டிஃபால்ட்டா மொத்த சர்வருக்கும் 8, அந்த ஒவ்வொண்ணும் இதே அளவு எடுக்கலாம். ஆக 28 பிராசஸ், ஒன்றரை ஜிபி வீதம் 42 ஜிபி. ஷேர்ட் பஃபர்ஸ் 16. அங்கயே 58 ஆச்சு. மீதி 6 ஜிபிக்குள்ள ஓஎஸ் இருக்கணும், இருந்திருக்கலாம்தான், ஆனா அந்த 6 எங்க போச்சுன்னு அப்போ எனக்குத் தெரியல, அதைக் கீழ சொல்றேன்.

ரேம் தீர்ந்ததும் லினக்ஸோட ஓஓஎம் (அவுட் ஆஃப் மெமரி) கில்லர் வந்து ஒரு பிராசஸை சிக்னல் 9 போட்டுக் கொல்லும். கொன்னது ஒரே ஒரு பேக்எண்டைத்தான், அதாவது ஒரு ஆளோட இணைப்பைப் பார்த்துக்கற பிராசஸை. ஆனா அது செத்த நேரத்துல ஷேர்ட் மெமரியை பாதி எழுதி வெச்சிருக்கலாம்ங்கற சந்தேகத்துல, தாய் பிராசஸ் மத்த எல்லா பேக்எண்டையும் நிறுத்திட்டு, மாற்றத்தையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கற வால் லாக்ல (WAL) இருந்து ரெக்கவரி பண்ணிட்டுத்தான் திரும்ப கதவைத் திறக்கும். அது சரியான முடிவுதான், டேட்டா கெட்டுப்போகல, ஒரு வரிகூட காணாமப் போகல. ஆனா ரிப்போர்ட்டே பார்க்காத, என்ட்ரி போட்டுக்கிட்டு இருந்தவங்களுக்கெல்லாம் ரெக்கவரி மோடுல இருக்குன்னு எரர் வந்துச்சு. அவங்க என்ன பாவம் பண்ணாங்க? அந்த நாள் எனக்கு இன்னும் மனசுல நிக்குது.

அதுக்கப்புறம் வொர்க் மெம் பொதுவா 16 எம்பி. ரிப்போர்ட்டுக்குன்னு தனி ரோல் (டேட்டாபேஸ் யூசர்) உருவாக்கி அதுக்கு மட்டும் 128 எம்பி. அதுக்கும் மேல வேணும்னா அந்த டிரான்ஸாக்‌ஷனுக்குள்ள மட்டும் செட் லோக்கல் போட்டுக்கணும். லாக் டெம்ப் ஃபைல்ஸ் ஆன் பண்ணி 10 எம்பிக்கு மேல டெம்ப் ஃபைல் எழுதற குவெரியெல்லாம் லாக்ல வர மாதிரி வெச்சேன், இது ஒண்ணுதான் உண்மையில எனக்கு வழி காட்டுச்சு. பாதிக்கு மேல மெமரி பிரச்சனையே இல்ல. ஒரு இடத்துல சரியான வரிசையில ஒரு இண்டெக்ஸ் போட்டதும் சார்ட்டே காணாமப் போச்சு. இன்னொரு ரிப்போர்ட் வேண்டாத காலம் (column) எல்லாத்தையும் சேர்த்து இழுத்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு சின்ன டிப்ஸ், டிஸ்க்ல 90 எம்பி எழுதுச்சுன்னு காட்டினா 90 எம்பி கொடுத்தா பத்தாது, மெமரிக்குள்ள அதே டேட்டா டிஸ்க்ல இருக்கறதைவிட நிறைய இடம் எடுக்கும்.

15வது வெர்ஷன்ல இருந்து ஹாஷுக்கு வொர்க் மெம் மாதிரி ரெண்டு மடங்கு அனுமதி, அதுக்கு ஹாஷ் மெம் மல்டிப்ளையர்னு ஒரு செட்டிங், டிஃபால்ட் 2. பழைய வெர்ஷன்ல கணக்குப் போட்டு வெச்சிருக்கறவங்க அப்கிரேட் பண்ணும்போது திரும்ப போடுங்க. நான் 14ல இருந்து நேரா 17க்கு வந்தவன், போட்டேன்.

ஓவர்கமிட் பத்தி. லினக்ஸ் டிஃபால்ட்டா கேக்கற மெமரிக்கெல்லாம் சரி சரின்னு தலையாட்டிட்டு, உண்மையில தொடும்போது இல்லன்னா யாரையாவது கொல்லும். விஎம் ஓவர்கமிட் மெமரியை 2ன்னு வெச்சா, கேக்கும்போதே இல்லன்னு சொல்லிடும். அப்போ அந்த ஒரு குவெரி மட்டும் அவுட் ஆஃப் மெமரின்னு எரர் கொடுத்துட்டு நிக்கும், மத்தவங்க வேலை நடக்கும். எங்களுக்கு இதுதான் வேணும். ஆனா நான் 2ன்னு மட்டும் போட்டுட்டு ரேஷியோவை மறந்துட்டேன். ரேஷியோன்னா ரேம்ல எத்தனை சதவீதம் வரைக்கும் கொடுக்கலாம்ங்கறது, டிஃபால்ட் 50, எங்ககிட்ட ஸ்வாப் (ரேம் பத்தலன்னா டிஸ்க்ல எடுத்துக்கற இடம்) 4 ஜிபி, ஆக மொத்த லிமிட் 32 கூட்டல் 4, 36 ஜிபி. அதுல ஷேர்ட் பஃபர்ஸே 16 போயிடுச்சு. பகல்லயே புது கனெக்‌ஷன் திறக்க முடியலன்னு எரர் வர ஆரம்பிச்சுது, ஃப்ரீ கமாண்ட் போட்டா நிறைய மெமரி காலியா இருக்கற மாதிரி காட்டுது, தலை சுத்திடுச்சு. ப்ராக் மெம்இன்ஃபோல கமிட் லிமிட், கமிட்டட் ஏஎஸ் ரெண்டு வரியையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தப்போதான் புரிஞ்சுது. ரேஷியோவை 80 ஆக்கினேன். கூடவே ஓஓஎம் கில்லர் தொடாம இருக்க தாய் பிராசஸுக்கு ஓஓஎம் ஸ்கோர் அட்ஜஸ்ட் மைனஸ் 1000.

இப்போ அந்தக் காணாமப் போன 6 ஜிபி. டாப் கமாண்ட்ல ஒவ்வொரு போஸ்ட்கிரெஸ் பிராசஸும் 10 ஜிபி, 12 ஜிபின்னு காட்டும், அதைக் கூட்டினா ரேமைவிட பல மடங்கு வரும், பயப்பட வேண்டாம், ஷேர்ட் மெமரியை எல்லார் கணக்குலயும் சேர்த்துக் காட்டுது, அவ்வளவுதான். ஆனா ப்ராக் மெம்இன்ஃபோல பேஜ் டேபிள்ஸ்னு ஒரு வரி இருக்கு, அதுல கிட்டத்தட்ட 5 ஜிபி இருந்துச்சு. லினக்ஸ் மெமரியை 4 கேபி பக்கமா பிரிக்குது, ஒவ்வொரு பக்கத்துக்கும் பேஜ் டேபிள்ல 8 பைட் குறிப்பு. 16 ஜிபிக்கு கிட்டத்தட்ட 42 லட்சம் பக்கம், அதுக்கு 32 எம்பி. இது ஒரு பிராசஸுக்கு. எங்ககிட்ட 200 கனெக்‌ஷன் எப்பவும் திறந்தே கிடந்துச்சு, ரொம்ப நாள் திறந்திருக்கற கனெக்‌ஷன் மெல்ல மெல்ல எல்லா பக்கத்தையும் தொட்டுடும், அப்போ 6 ஜிபிக்கு மேலயே போகலாம். டேட்டாவுக்கு இல்ல, டேட்டா எங்க இருக்குன்னு எழுதி வைக்கறதுக்கு மட்டும்!

ஹியூஜ் பேஜ் போட்டதும் இது மறைஞ்சே போச்சு. பக்கம் ஒண்ணு 2 எம்பி, 16 ஜிபிக்கு 8192 பக்கம், ஒரு பிராசஸுக்கு 64 கேபி குறிப்பு. மூணு வருஷத்துல நான் பண்ணதுலயே கண்ணுக்குத் தெரிஞ்ச லாபம் இதுதான். எத்தனை பக்கம் வேணும்னு 15வது வெர்ஷன்ல இருந்து போஸ்ட்கிரெஸே கணக்குப் போட்டுச் சொல்லும், புது செட்டிங்குக்குன்னா சர்வரை நிறுத்திட்டு கேக்கணும். ஷேர்ட் பஃபர்ஸைவிட கொஞ்சம் கூடவே வரும், அந்தக் கூடுதலை விட்டுடாதீங்க.

இதுல ஒரு குழி இருக்கு. ஹியூஜ் பேஜஸ் செட்டிங் டிஃபால்ட் ட்ரை. கிடைச்சா எடுத்துக்கும், கிடைக்கலன்னா சத்தமில்லாம சாதா பக்கத்துக்கு போயிடும். ஒரு தடவை ஷேர்ட் பஃபர்ஸை 1 ஜிபி ஏத்தினேன், ரிசர்வ் பண்ண ஹியூஜ் பேஜ் எண்ணிக்கையை ஏத்தல. ரீஸ்டார்ட் ஆச்சு, எல்லாம் ஓடுது, எரர் எதுவும் இல்ல. ஆனா உள்ள என்ன நடந்துச்சுன்னா 16 ஜிபி ஹியூஜ் பேஜ் யாருக்கும் பயன்படாம பூட்டிக் கிடக்குது, அது தவிர 17 ஜிபி சாதா மெமரியை போஸ்ட்கிரெஸ் எடுத்திருக்கு. பாதி மெஷின் போச்சு. அன்னையில இருந்து ட்ரை கிடையாது, ஆன் மட்டும்தான். பக்கம் பத்தலன்னா ஸ்டார்ட்டே ஆகாது, அது நல்லது, அப்பவே தெரிஞ்சிடும். 17ல ஹியூஜ் பேஜஸ் ஸ்டேட்டஸ்னு ஒண்ணு வந்திருக்கு, ஷோ போட்டா உண்மையில யூஸ் ஆகுதான்னு சொல்லிடும். டிரான்ஸ்பரென்ட் ஹியூஜ் பேஜ்ங்கறது (கர்னல் தானா பெரிய பக்கமா மாத்தறது) வேற சமாச்சாரம், குழப்பிக்காதீங்க, அதை நான் நெவர்னு வெச்சிருக்கேன்.

ஓவர்கமிட் 2 வெச்சிருந்தா இன்னொண்ணு, ஹியூஜ் பேஜுக்கு ஒதுக்கினதை கழிச்சிட்டு மீதி ரேம்லதான் அந்த 80 சதவீதம் போடும். ஷேர்ட் பஃபர்ஸும் அந்தக் கணக்குல இருந்து வெளிய போயிடறதால எங்களுக்கு கிட்டத்தட்ட சமமாத்தான் வந்துச்சு.

மத்தது சுருக்கமா. எஃபெக்டிவ் கேஷ் சைஸ் 44 ஜிபி. இது ஒரு பைட்கூட எடுக்காது, இவ்வளவு கேஷ்ல இருக்கும்னு, குவெரியை எப்படி ஓட்டறதுன்னு முடிவு பண்ற பிளானருக்கு ஒரு ஐடியா கொடுக்கறது மட்டும்தான், டிஃபால்ட் 4 ஜிபிலயே விட்டா பெரிய மெஷின்ல இண்டெக்ஸை விட்டுட்டு முழு ஸ்கேன் பக்கம் சாயுது. மெயின்டனன்ஸ் வொர்க் மெம் 1 ஜிபி, ஆனா செத்த வரிகளை தானா சுத்தம் பண்ற ஆட்டோவேக்யூம் மூணு வொர்க்கரும் ஆளுக்கு அவ்வளவு எடுக்கலாம்ங்கறதால ஆட்டோவேக்யூம் வொர்க் மெம்னு தனியா 256 எம்பி. 17ல வேக்யூம் மெமரி யூஸ் பண்ற விதமே மாறிடுச்சு, முன்னைவிட ரொம்ப கம்மியா எடுக்குது. ஸ்வாப்பினெஸ் (ஸ்வாப்பை எவ்வளவு தாராளமா யூஸ் பண்ணணும்ங்கறது) 60ல இருந்து 10, ஸ்வாப்பை மொத்தமா எடுக்கல. டிஸ்க்குக்கு இன்னும் எழுதாத டேட்டா எவ்வளவு சேர்ந்தா எழுத ஆரம்பிக்கணும்ங்கற டர்ட்டி பேக்ரவுண்ட் சதவீதக் கணக்கை விட்டுட்டு பைட் கணக்குல 256 எம்பின்னு வெச்சேன், 64 ஜிபில 10 சதவீதம் சேர்ற வரைக்கும் காத்திருந்து மொத்தமா டிஸ்க்குக்கு தள்ளும்போது வர்ற இழுப்பு குறைஞ்சுது.

கனெக்‌ஷன் 200ஐ பிஜிபவுன்சர் (கொஞ்சம் இணைப்பை பல பேருக்கு பங்கு போட்டுக் கொடுக்கற சாஃப்ட்வேர்) வெச்சு 60 ஆக்கினது மெமரி செட்டிங்கே இல்லன்னு தோணலாம், ஆனா மேல போட்ட எல்லா பெருக்கல்லயும் ஒரு எண் அதுதான். டிரான்ஸாக்‌ஷன் மோடுல (ஒரு வேலை முடிஞ்சதும் இணைப்பு அடுத்தவங்களுக்குப் போற முறை) வெறும் செட் போட்டா அடுத்த ஆளோட வேலைக்கு ஒட்டிக்கிட்டு போயிடும், செட் லோக்கல்தான் பாதுகாப்பு. ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் (முன்கூட்டியே தயார் பண்ணி வைக்கற குவெரி) அந்த மோடுல வேலை செய்யாதுன்னு ரொம்ப நாள் தயங்கினோம், பிஜிபவுன்சர் 1.21ல இருந்து செய்யுது.

ஒன்றரை வருஷமா ஓஓஎம் கில்லர் வரல. இப்போ ரேமை 128 ஜிபி ஆக்கலாம்னு பேச்சு ஓடுது. வந்தா அதை பேஜ் கேஷுக்கு விட்டுடலாம்னு இருக்கேன், வொர்க் மெம் 16 எம்பிலயே இருக்கும். ஷேர்ட் பஃபர்ஸை 24 ஜிபி ஆக்கி ஒரு மாசம் பார்க்கணும், அப்போ கால்வாசி 6 ஜிபி, அந்த ரிப்போர்ட் டேபிள் வளர்ந்து இப்போ 8 ஜிபி ஆயிடுச்சு, அதனால வளையத்துக்குள்ளயே ஓடிடும்னு கணக்கு. ஹியூஜ் பேஜ் எண்ணிக்கையை முதல்ல ஏத்திட்டுத்தான் ரீஸ்டார்ட்.