ஸ்பிரிங்கா ஃபாலா? டொரண்டோ பக்கம் பெர்ரிச் செடி எப்ப வைக்கலாம்

செப்டம்பர் கடைசி ஆனா போதும், டொரண்டோ சுத்தி இருக்க கார்டன் சென்டர் எல்லாத்துலயும் பெர்ரிச் செடி சேல்ல வந்துடும். இப்பவே வாங்கி வச்சிடலாமா, இல்ல ஏப்ரல் வரைக்கும் பொறுக்கலாமான்னு ஒரு குழப்பம். ஃபால்தான் பெஸ்ட்னு ஒருத்தர் சொல்வார், ஸ்பிரிங்தான்னு இன்னொருத்தர் சண்டைக்கு வருவார், ரெண்டு பேர் சொல்றதும் பாதி சரி. செடியோட வேர் எவ்வளவு ஆழமா போகும், பனி உருகினதும் எவ்வளவு சீக்கிரம் துளிர்க்கும், இந்த ரெண்டையும் பாத்தாலே பெரும்பாலும் விடை கிடைச்சிடும்.

ஸ்ட்ராபெர்ரிக்கு ஸ்பிரிங்தான், இதுல பேச்சே இல்ல. அதோட வேர்ல பெரும்பகுதி மேல் மண்ணு 15 சென்டிமீட்டருக்குள்ளயே நிக்கும். இங்க நவம்பர்லயும் மார்ச்லயும் ராத்திரி மண்ணு உறையும், பகல்ல இளகும், இப்படி மாறி மாறி நடக்கறப்ப மண்ணு உப்பி செடியை அப்படியே மேல தூக்கி விட்டுடும், வேர் பிடிக்காத புதுச்செடின்னா குளிர்க்காத்துல காஞ்சே போயிடும். ஃபால்ல வச்சா அடுத்த ஜூன்லயே பழம் பறிக்கலாமேன்னு ஒரு ஆசை இருக்கும், ஆனா ஜூன்ல காய்க்கிற ரகம் அடுத்த வருஷத்துக்கான மொட்டை இந்த வருஷம் பகல் சுருங்குறப்பவே உள்ள கட்டிடும், செப்டம்பர் கடைசியில வச்ச செடி வேர் விடுமா மொட்டு கட்டுமா? பிழைச்சாலும் நாலு பழம்தான் கிடைக்கும்.

ஸ்பிரிங்னா உடனே மே மாசம் வர்ற விக்டோரியா டே லாங் வீக்கெண்ட்தானேன்னு கேப்பாங்க. அது தக்காளிக்கும் கத்தரிக்கும் உள்ள கணக்கு. தூக்கத்துல இருக்க ஸ்ட்ராபெர்ரி பேர் ரூட்டுக்கு (தொட்டி, மண்ணு இல்லாம வெறும் வேரோட விக்கிற செடி) அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்ல, ஒரு பிடி மண்ணைக் கையில எடுத்து அமுக்கினா களியா ஒட்டாம உதிர்ந்தா போதும், ஏப்ரல் கடைசியிலயே வச்சிடலாம். கிரீன்ஹவுஸ்ல வளந்து இலையோட வர்ற செடின்னா மட்டும் கொஞ்சம் பொறுங்க. நடுவுல இருக்க குருத்து மண்மட்டத்துல நிக்கணும், புதைஞ்சா அழுகிடும். ஜூன் ரகத்துல முதல் வருஷப் பூவை எல்லாம் கிள்ளிடணும், மனசு வராது, ஆனா கிள்ளித்தான் ஆகணும். அந்தப் பொறுமை இல்லாதவங்க ஆல்பியன், சீஸ்கேப் மாதிரி டே நியூட்ரல் ரகம் (பகல் நீளம் எப்படி இருந்தாலும் பூக்கிறது) வாங்கிடுங்க, அதுல முதல் ஆறு வாரம் பூ கிள்ளினா போதும், அந்த வருஷமே கோடை கடைசியில பழம் வரும். எந்த ரகமா இருந்தாலும் நவம்பர்ல மேல வைக்கோல் போட மறக்காதீங்க.

கரன்ட் (கொத்தா காய்க்கிற சின்ன பெர்ரி), கூஸ்பெர்ரி, ஹாஸ்கப் (ஹனிபெர்ரின்னும் சொல்வாங்க) மூணுக்கும் நான் ஃபால் கட்சி. இதுங்க ரொம்ப சீக்கிரம் துளிர்க்கும், நமக்கு மண்ணு தோண்ட வாகு வர்றதுக்குள்ள மொட்டு உடைஞ்சிருக்கும், அதுக்கப்புறம் வேரைக் கலைச்சா செடி திணறும். அக்டோபர்ல இலை உதிர்ந்ததும் வச்சா மேல தூங்கினாலும் கீழ வேர் ஓடிட்டே இருக்கும், மண்ணு உடனே ஜில்லுன்னு ஆயிடாது. ஹாஸ்கப் பூ மைனஸ் 7 டிகிரியைக்கூட தாங்கும், ஸ்ட்ராபெர்ரியோட விரிஞ்ச பூ மைனஸ் 1-லயே நடுவுல கருத்துடும். பிளாக் கரன்ட்டை மட்டும் தொட்டியில இருந்ததைவிட ஒரு 5 சென்டிமீட்டர் ஆழமா இறக்குங்க, அடியில இருந்து புதுக்கிளை வரும். வினிபெக், சாஸ்கட்டூன் பக்கம் இருக்கவங்களுக்கு மண்ணு சீக்கிரமே உறைஞ்சிடும், அங்க செப்டம்பர்லயே முடிச்சிடணும்.

ராஸ்பெர்ரிக்கு ஸ்பிரிங் நல்லது, பேர் ரூட் கிடைக்கறதும் அப்பதான். இதுல எப்ப வைக்கறதுங்கறதைவிட எங்க வைக்கறதுங்கறதுதான் பெரிய விஷயம். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை போட்ட பாத்தியில நாலு வருஷத்துக்கு ராஸ்பெர்ரியும் வேணாம், ஸ்ட்ராபெர்ரியும் வேணாம், வெர்டிசிலியம்னு ஒரு வாடல் பூஞ்சை மண்ணுலயே தங்கியிருக்கும். நம்ம ஆளுங்க பேக்யார்ட்ல இது நாலும் போடாத இடத்தைத் தேடித்தான் பிடிக்கணும்!

ப்ளூபெர்ரி கொஞ்சம் வில்லங்கம். செடி வைக்கறது ஸ்பிரிங்ல, வேலை ஆரம்பிக்கறது அதுக்கு முந்தின ஃபால்ல. அதுக்கு அமில மண்ணு, அதாவது பிஹெச் 4.5-ல இருந்து 5 வரைக்கும் வேணும், இங்க நிறைய இடத்துல சுண்ணாம்பு கலந்த களிமண்ணு. பிஹெச்சைக் குறைக்க சல்ஃபர் போட்டா அது வேலை செய்யவே பல மாசம் ஆகும். அதனால செப்டம்பர் சேல்ல ப்ளூபெர்ரியைப் பாத்தா செடியை விட்டுட்டு சல்ஃபர் மூட்டையை வாங்கிட்டு வாங்க.

சேல்ல ராஸ்பெர்ரியோ ப்ளூபெர்ரியோ ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா தொட்டியோடயே விளிம்பு வரைக்கும் மண்ணுல புதைச்சு, மேல காஞ்ச இலையைக் கொட்டி வச்சு, ஏப்ரல்ல எடுத்து நட்டுக்கலாம். மண்ணு உறையற வரைக்கும் தண்ணி ஊத்தணும். சுத்தி ஒரு கம்பி வலையும் போட்டுடுங்க, பனிக்காலத்துல முயலுக்கு வேற தீனி கிடைக்காது, குச்சியைக்கூட விடாது.