பாத்ரூம் அடைப்புக்கு 9,440 ரூபாய்: மதுரை வில்லாபுரத்தில் நான் ஏமாந்த கதை

எங்கள் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் போவது கொஞ்ச நாளாகவே மந்தம். அடியோடு நிற்கவில்லை. நாலு வாளி ஊற்றிக் குளித்தால் கணுக்கால் வரை தேங்கும். தலை துவட்டி, காபி குடித்து முடிக்கும்போதுதான் வடிந்திருக்கும். வழக்கமாக வரும் பிளம்பர் அண்ணன் உசிலம்பட்டிப் பக்கம் சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார். “அவன் வரட்டும்டா, ரெண்டு நாள் பொறு” என்றார் அம்மா. நான் பொறுக்கவில்லை. போனில் தேடி, முதலில் வந்த விளம்பர நம்பருக்கு அடித்தேன்.

விசிட்டிங் சார்ஜ் 499 மட்டும்தான் என்றார்கள். ஒரே நிற டீசர்ட்டில் இரண்டு பேர், ஸ்பிரிங் சுற்றிய ஒரு மெஷினோடு வந்தார்கள். ஒருவர் தரையில் ஒரு மக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, “சார், மெயின் லைனே பிளாக்” என்றார். சல்லடை மூடியைக்கூட அவர் தூக்கவில்லை. இதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அப்புறம் குழாய்க்குள் கேமரா விடுவதாகச் சொல்லி, கதவைப் பாதி சாத்திக்கொண்டார்கள். பத்து நிமிடத்தில் ஒரு வீடியோ காட்டினார்கள். குழாய் முழுக்க கறுப்பாக அப்பியிருந்தது. பார்க்கவே வயிற்றைக் குமட்டியது. அடிக்கு 400 ரூபாய், 20 அடி, மொத்தம் 8,000. இப்போது செய்யாவிட்டால் தரையை உடைக்க வேண்டி வரும் என்றார்கள். உடைப்பது என்றதுமே அம்மா பயந்துவிட்டார். சரி, செய்யுங்கள் என்றேன்.

அரைமணி நேரம் மெஷின் சத்தம் கேட்டது. அப்புறம் மூக்கைத் துளைக்கிற ஆசிட் நெடி. அம்மா இருமிக்கொண்டே வாசலுக்குப் போனார். நெடி போகட்டும் என்று பிளீச்சிங் பவுடர் டப்பாவைக் கையில் எடுத்தவரை நான்தான் தடுத்தேன். ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; அடைத்த பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. வந்தவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தண்ணீர் கடகடவென்று போனது. 8,000-க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,440. ஆக 9,440 ரூபாயை ஜிபே செய்தேன். பணம் கம்பெனி பெயருக்குப் போகாமல் யாரோ ஒரு தனிநபர் பெயருக்குப் போனதைத் திரையில் பார்த்தும் பேசாமல் இருந்தேன். பில்லில் ஜிஎஸ்டி தொகை இருந்தது, ஜிஎஸ்டி எண் இல்லை. பதிவு செய்யாதவர் அந்த வரியை வாங்கவே கூடாது. பதிவு செய்தவர் என்றால் பில்லில் 15 இலக்க எண் இருக்கும், தமிழ்நாட்டுக்கு அது 33 என்று தொடங்கும்.

மூன்றாம் நாள் மறுபடியும் கணுக்கால் தண்ணீர்.

போன் செய்தேன். டெக்னீசியன் வெளியூர் என்றார்கள். அடுத்த நாளும் அதே வெளியூர். 30 நாள் கியாரண்டி உண்டே என்றதற்கு, “அது பழைய அடைப்புக்கு சார், இது புது அடைப்பு” என்று பதில். அதற்குப் பிறகு என் நம்பரை எடுப்பதே இல்லை.

திருவிழா முடிந்து பிளம்பர் அண்ணன் வந்தார். முதலில் அவர் கேட்டது: “வாஷிங் மெஷின் தண்ணி எப்படிப் போகுது?” நன்றாகத்தான் போகிறது என்றேன். “ரெண்டும் வெளிய ஒரே சேம்பர்லதான தம்பி விழுகுது? மெயின் லைன் அடைச்சிருந்தா அதுவும்ல நிக்கணும்!” இவ்வளவுதான் விஷயம். ஒரு இடத்தில் மட்டும் தேங்கினால் கோளாறு அந்த இடத்திலேயே இருக்கும். எல்லா இடத்திலும் தேங்கினால்தான் மெயின் லைனைச் சந்தேகப்பட வேண்டும். எட்டாயிரம் ரூபாய்க் கேள்வி அது.

ஸ்குரூ டிரைவரால் சல்லடையை நெம்பி எடுத்து, அதற்கு அடியில் நாற்றத்தைத் தடுக்க வைத்திருக்கும் கிண்ணம் போன்ற நானி டிராப்புக்குள் கையை விட்டார். உள்ளே கவிழ்த்து வைத்த ஒரு கப் இருக்கும். அதன் விளிம்பு தண்ணீருக்குள் மூழ்கியிருப்பதால்தான் சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வருவதில்லை. தண்ணீர் அந்த விளிம்புக்கு அடியில் விரல் நுழைகிற இடுக்கு வழியாகத்தான் போக வேண்டும். அந்த இடுக்கில், கயிறு போலத் திரிந்த தலைமுடி, அதற்குள் இரண்டு ஷாம்பு பாக்கெட் முனை, எல்லாவற்றையும் ஒட்டிப்பிடித்த வெள்ளைப் பிசுக்கு. எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து நுரைக்குப் பதில் இப்படித்தான் திரியும். ஆசிட் அந்தப் பிசுக்கைக் கொஞ்சம் இளக்கியிருக்கிறது, இரண்டு நாள் ஓடியிருக்கிறது. முடியை அசைக்கவில்லை.

பதினைந்து நிமிடம், 300 ரூபாய்.

வெளியே சேம்பர் மூடியையும் திறந்து காட்டினார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீடு 1991-இல் கட்டியது. சேம்பருக்குள் நீட்டிக்கொண்டிருந்தது உள்ளே பழுப்பு மெருகு போட்ட மண் குழாய். வீடியோவில் நான் பார்த்தது வெள்ளை பிவிசி. எந்த வீட்டுக் குழாயோ, எத்தனை பேருக்குக் காட்டியதோ! டேப் வைத்து அளந்தேன்: பாத்ரூமிலிருந்து சேம்பர் வரை 11 அடிதான். நிஜமாகவே 20 அடி உள்ளே விட்டிருந்தால் ஸ்பிரிங் தெருவுக்கே வந்திருக்க வேண்டும்.

பணத்தைவிட எரிச்சல், தரை. மொசைக்கில் இருப்பது சிமெண்டும் சலவைக்கல் சில்லும். இரண்டையுமே ஆசிட் தின்றுவிடும். சல்லடையைச் சுற்றி ஒரு தாம்பாளம் அகலத்துக்கு வெளுத்து, சொரசொரப்பாகிக் கிடக்கிறது. அப்பா பார்த்துப் பார்த்துப் போட்ட தரை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பில், ஜிபே ரசீது, தரையின் போட்டோ எல்லாம் கொடுத்தாயிற்று. சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது என்பதால் விடுவதாக இல்லை.

நேற்று சும்மா அதே மாதிரி தேடிப் பார்த்தேன். வேறு பெயர், வேறு நம்பர். அடித்தேன். “விசிட்டிங் சார்ஜ் 499 மட்டும்தான் சார், எந்த ஏரியா?” அதே குரல். “வில்லாபுரம், மண் குழாய் வீடு” என்றேன். லைன் கட்டாகிவிட்டது.