39 எண்கள் கொடுத்தேன், 39 ராணி காமிக்ஸ் வந்தது

பழைய காமிக்ஸ் சேர்ப்பவர்கள், முக்கியமாக ராணி காமிக்ஸ் முதல் நூறைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு யாருக்காவது பணம் அனுப்புங்கள். எனக்கு 26,000 ரூபாய் போய்விட்டது.

ராணி காமிக்ஸ் 1984 ஜூலையில் ஆரம்பித்தது. தினத்தந்தி குழுமத்து வெளியீடு. முதல் இதழ் 'அழகியைத் தேடி', ஜேம்ஸ்பாண்ட் கதை, விலை ஒன்றரை ரூபாய். (அதே மாதம்தான் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸும் மாடஸ்டி என்ற கதாநாயகியின் கதையோடு வந்து இறங்கியது. கையிலிருக்கும் சில்லறையில் எதை வாங்குவது என்று என் வயதுக்காரர்கள் பட்ட பாடு தனிக்கதை.) ஒன்றாம் தேதி ஒன்று, பதினைந்தாம் தேதி ஒன்று என்று மாதம் இரண்டு வரும். 2005-ல் 500-வது இதழோடு நின்றது. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கும். அப்பா ராத்திரி வீட்டுக்கு வரும்போது சட்டைக்கும் பனியனுக்கும் நடுவில் செருகிக்கொண்டு வருவார். அப்படிச் சேர்ந்ததெல்லாம் வீடு மாறியபோது பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போய்விட்டது. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. பெட்டியில் கரையான் ஏறிவிட்டது.

ஏழு வருஷமாகத் திரும்பச் சேர்க்கிறேன். 500 எனக்கு எட்டாது, முதல் நூறு மட்டும் போதும் என்று எல்லை வைத்துக்கொண்டேன். ஆனால் எண்கள் இருந்தால் மட்டும் போதாது. நூறும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்: பைண்டிங் பண்ணாதது, ஓரம் வெட்டாதது, சொந்த அட்டை போட்டது. அடுக்கினால் ஒரே உயரத்தில் செங்கல் மாதிரி நிற்க வேண்டும். இந்தக் கிறுக்கு இல்லாதவர்களுக்கு இது புரியாது. உக்கடம் பழைய புத்தகக் கடைகள், திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை, நண்பர்களிடம் இருந்த டபுள்கள் என்று அலைந்து 61 சேர்த்தேன். பாக்கி 39.

தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. வாட்ஸ்அப் குழு ஒன்றில் "நான் தேடும் எண்கள்" என்று அந்த 39-ஐயும் வரிசையாகப் போட்டேன். எல்லோரும் செய்வதுதான். அன்று சாயங்காலமே ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார். "அண்ணே, தாத்தா வீட்டுப் பரண்ல ஒரு மூட்டை கெடக்கு. உங்க லிஸ்ட்ல இருக்கறது இருக்கான்னு பாக்குறேன்." குரலைக் கேட்டால் முப்பது வயதுக்குள் இருக்கும். பணிவான பேச்சு. "உங்ககிட்ட இருக்கறத ஒரு போட்டோ அனுப்புங்கண்ணே, அதே கண்டிஷன்ல பொறுக்கித் தர்றேன்" என்றார். இந்தத் தம்பிக்குச் சேர்ப்பவனின் மனசு புரிகிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். என் 61-ஐயும் ஹாலில் சிவப்புத் தரையில் பரப்பி வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன்.

இரண்டாம் நாள் 39 அட்டைப் படங்கள் வந்தன. நான் கேட்ட 39-ம். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. பரணில் கிடக்கும் மூட்டையில் நான் தேடுவது மட்டும் எண்ணி வைத்தாற்போல எப்படி இருக்கும்? என்னிடம் ஏற்கெனவே இருப்பதில் நாலாவது அதில் கலந்திருக்க வேண்டாமா? என் மனைவி அதைத்தான் கேட்டாள். "உனக்கு இதெல்லாம் தெரியாது" என்றேன். மொத்தமாக எடுத்தால் 26,000, பாதி முன்பணம், மீதியைக் கூரியர் போடுவதற்கு முன்னால் தர வேண்டும் என்றார். உள்பக்கப் படம் கேட்டேன். "புரட்டினா தாள் உடையுதுண்ணே." நியாயமாகத்தான் பட்டது. "பெங்களூர்ல ஒருத்தர் முப்பது தர்றேங்கறார், நீங்க முதல்ல கேட்டீங்கன்னுதான்..." என்றும் ஒரு வார்த்தை விட்டார். ஜீபே-யில் இரண்டு தவணையாக அனுப்பினேன்.

பார்சல் வரத்தான் செய்தது. பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவது இவர் பாணி இல்லை. அதனால்தான் நான் இவ்வளவு நீட்டி எழுத வேண்டியிருக்கிறது.

மேலே இருந்த ஐந்தாறு இதழ்கள் அசல். அதைப் பார்த்ததுமே மனசு குளிர்ந்து, மீதியைக் கீழே வரைக்கும் பார்க்காமல் அடுக்கிவிட்டேன். மறுநாள்தான் முதல் இதழை எடுத்து நிதானமாகப் பார்த்தேன். அட்டையில் பின் அடித்த இடத்தைச் சுற்றித் துரு பரவிப் பழுப்புக் கறை. ஆனால் பின் வெள்ளி மாதிரி மின்னுகிறது. கறைமேல் விரலை ஓட்டினேன், வழவழவென்று இருந்தது. கறை தாளில் இல்லை, அச்சில் இருந்தது. மூலையில் ஒரு மடிப்புக் கோடு, ஆனால் தாள் அங்கே மடியவே இல்லை. ஏதோ வாடகை நூல் நிலையத்தின் ஊதா முத்திரை பாதி தெரிகிறது. எச்சில் தொட்டுத் தேய்த்தாலும் கலையவில்லை. யாரோ தன் இதழை ஸ்கேன் பண்ணிப் போட்டதை எடுத்து, கலர் ஜெராக்ஸ் அடித்து, உள்ளே பழைய தாளைக் கோத்துப் பின் அடித்திருக்கிறார்.

அன்று ராத்திரி மொத்தத்தையும் பிரித்துப் போட்டு உட்கார்ந்தேன். 39-ல் உண்மையான, முழுமையான இதழ்கள் 14. உள்ளே அசல், அட்டை மட்டும் ஜெராக்ஸ் என்பவை 9. பைண்டிங்கிலிருந்து பிரித்தவை 11. முதுகோரம் தையல் ஊசி போன ஓட்டைகள் வரிசையாகத் தெரிகின்றன, மற்ற மூன்று பக்கமும் கட்டர் போட்டு வெட்டியதில் உயரம் ஒரு விரல் கம்மி. சிலவற்றில் மேல்கட்டத்து வசனமே பாதி தலையோடு நிற்கிறது. கடைசி ஐந்துதான் உச்சம்: அட்டையில் ஒரு கதை, உள்ளே சம்பந்தமில்லாத வேறு இதழ். அட்டை கிழிந்த பிந்தைய எண்கள் மலிவாகக் கிடைக்கும் அல்லவா, அதை வயிற்றில் வைத்துத் தைத்துவிட்டார். ஜேம்ஸ்பாண்ட் அட்டையைத் திறந்தால் முகமூடி மாயாவி குதிரையில் வருகிறார்.

கேட்டேன். "நாப்பது வருஷப் புத்தகம்ணே, புதுசு மாதிரியா இருக்கும்?" என்று பதில். அட்டைகளைப் பற்றிக் கேட்டதும், "எனக்கே தெரியாதுண்ணே, தாத்தா ஒட்டியிருப்பார்." தாத்தா காலத்தில் கலர் ஜெராக்ஸ்! அப்புறம் பாதிப் பணம் திருப்பித் தருகிறேன், அடுத்த வாரம், சம்பளம் வந்ததும் என்று பதினோரு நாள் இழுத்தடித்துவிட்டு பிளாக் பண்ணிவிட்டார். அந்தப் பதினோரு நாள்தான் எனக்குப் பெரிய நஷ்டம். இணைய மோசடிக்கான 1930 எண்ணுக்கு அதற்குப் பிறகுதான் கூப்பிட்டேன். புகார் பதிவாகியிருக்கிறது. ஆனால் பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் எதிர்க் கணக்கில் நிறுத்திவைக்க வழி உண்டு, நானோ சமாதானம் பேசிக்கொண்டிருந்தேன். பொருள் கைக்கு வந்திருப்பதால் இது ஏமாற்றா, வியாபாரத் தகராறா என்ற கேள்வியும் வருகிறது. அவர் தெரிந்தேதான் பார்சல் அனுப்பியிருக்கிறார்.

உக்கடத்தில் எனக்குத் தெரிந்த கடைக்கார பாயிடம் இரண்டு அட்டைகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கிய நொடியில் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொல்லிக்கொடுத்தது இது: பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பழைய ஆஃப்செட் அச்சில் கலர் புள்ளிகள் பூப்பூவாகச் சேர்ந்து தெரியும், ஜெராக்ஸில் மாவு தூவினது மாதிரி இருக்கும். மடிப்பை நகத்தால் கீறினால் ஜெராக்ஸ் மை செதில் செதிலாக உதிர்ந்து வெள்ளை தெரியும். அட்டையின் உள்பக்கத்தையும் பார்க்கச் சொன்னார். உள்ளே பழுப்பேறியிருக்கும்போது அட்டையின் பின்பக்கம் மட்டும் வெளுத்திருந்தால் கேள்வியே வேண்டாம். முத்து காமிக்ஸ் வாங்குபவர்களுக்கு வேறு தொல்லை இருக்கிறதாம். 1972-ல் வந்த இரும்புக்கை மாயாவி என்று சொல்லிப் பின்னால் வந்த மறுபதிப்பைத் தள்ளிவிடுகிறார்கள்.

அந்தத் தம்பியின் நம்பரை இங்கே போடவில்லை. புகார் நடக்கிறது, நம்பரும் மாறிவிட்டது. ஆனால் பேச்சு மாறவில்லை. தேடும் எண்களை முழுசாகப் பொதுவில் போடாதீர்கள். யாராவது "என்ன எண் வேணும்?" என்று கேட்டால், "உங்ககிட்ட என்ன இருக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். நடுப்பக்கத்தையும் பின் அடித்த இடத்தையும் வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். தாள் உடையும் என்றால் உடைகிற தாள் நமக்கு எதற்கு?

போன வாரம் சேலத்து நண்பர் ஒருவர் கூப்பிட்டார். அவருக்கும் ஒரு தாத்தா, ஒரு பரண், ஒரு மூட்டை. நம்பிக்கைக்காக, சரக்கு இருப்பதற்குச் சாட்சியாக, ஒரு போட்டோ வந்ததாம். எனக்கும் அனுப்பிவைத்தார். சிவப்புத் தரையில் வரிசையாக 61 ராணி காமிக்ஸ், ஓரத்தில் என் மகளின் மஞ்சள் ஸ்டூல் கால் ஒன்று. அந்தப் படம் உங்களுக்கும் வந்தால், அது என் வீட்டு ஹால்.